வெயிலில் நொறுங்கும் வாளி: ஒரு சின்ன வரலாறு

அரசன், போர், ஒப்பந்தம், கல்வெட்டு... இதெல்லாம் இருந்தால்தான் வரலாறு என்று பாடப்புத்தகங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. இந்த முறை நான் எழுதப்போவது பிளாஸ்டிக் வாளியைப் பற்றி. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

எல்லா வாளியும் இல்லை. குளியலறையில் காலம் முடிந்ததும் அடியில் நாலு துளை போட்டு, மண் நிரப்பி, கத்தரியோ கறிவேப்பிலையோ வைத்து மொட்டை மாடிக்கு அனுப்புகிறோமே, அந்த வாளி. இரண்டு கோடை தாண்டுவதற்குள் அது அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. நகர்த்தலாம் என்று விளிம்பைப் பிடித்தால் விளிம்பு கையோடு வந்துவிடும், வாளி அங்கேயே இருக்கும். ஆனால் அதே மாடியில், அதே வெயிலில், கருப்புத் தண்ணீர்த் தொட்டி பதினைந்து வருடமாக நிற்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? பதிலில் பாதி வேதியியலில் இருக்கிறது. மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

எங்கள் நெட்டப்பாக்கம் பக்கம் பூந்தொட்டி என்று காசு கொடுத்து வாங்குகிறவர்கள் குறைவு. வீடு கட்டி முடித்ததும் மிஞ்சுகிற பெயின்ட் வாளி, மேஸ்திரி விட்டுவிட்டுப் போன பாண்டு, எண்ணெய் வந்த கேன், பாதியாக அறுத்த நீல டிரம், வாய் உடைந்த குடம். இவைதான் தொட்டி. எங்கள் ஆயாவின் துளசி, பிரண்டை, ஓமவல்லி எல்லாம் வளர்ந்தது இவற்றில்தான். செலவில்லாத தோட்டம். அதனால்தான் வாளி நொறுங்குவது சின்ன விஷயம் இல்லை. புதிதாக வாங்கிப் போடும் வசதி உள்ளவர்களுக்குத்தான் அது சின்ன விஷயம்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெட்டப்பாக்கம் வட அட்சரேகை 12 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும், நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்களே, அதுதான். நாம் இனிப் பார்க்கப்போகும் இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி, அமெரிக்க ஆய்வகங்கள் இருந்த ஊர்களில் இப்படி ஒரு நாள் வருடத்தில் ஒருமுறைகூட வராது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

1933 மார்ச் 27. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் வின்னிங்டன் என்ற ஊர். ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடு என்ற திரவத்தையும் சேர்த்து, பயங்கரமான அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. கலனுக்குள் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்த மெழுகுதான் பாலிஎத்திலீன், நம் ஊர் வாயில் பாலித்தீன். 1935இல் மைக்கேல் பெரினின் குழு அதைத் திரும்பத் திரும்பச் செய்யும் வழியைப் பிடித்தது. 1939இல் உலகப்போர் தொடங்கும் நேரத்தில் தொழிற்சாலை உற்பத்தியும் தொடங்கியது. போர்க்காலத்தில் அதன் முக்கியமான வேலை ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாக இருப்பது. அதாவது கருவிக்குள்ளே, இருட்டிலே. அது வெயிலைப் பார்க்கவே இல்லை.

போர் முடிந்ததும்தான் பார்த்தது. அமெரிக்காவில் அப்போது தொலைபேசிக் கேபிள்களுக்கு ஈய உறை போடுவார்கள். ஈயம் கனம், விலை, தட்டுப்பாடு. அதற்குப் பதில் பாலித்தீன் உறை போடலாமே என்று பெல் ஆய்வகத்தார் இறங்கினார்கள். கம்பத்துக்குக் கம்பம் வெட்டவெளியில் தொங்க வேண்டிய கேபிள் அது. வெறும் பாலித்தீனை வெயிலில் போட்டுப் பார்த்தபோது, நம் மாடி வாளிக்கு நடக்கும் அதே கதி: நிறம் மங்கியது, விறைத்தது, வெடித்தது. வாளி வெடித்தால் வேறு வாளி. ஒரு நாடு முழுக்கத் தொங்கும் கேபிள் வெடித்தால்? பெரிய நிறுவனத்தின் பெரிய பணம் என்பதால் பிரச்சினையும் உடனே பெரிய பிரச்சினை ஆனது. (இந்த இடத்தைக் கவனியுங்கள். பின்னால் தேவைப்படும்.)

அவர்கள் கண்ட மருந்து என்ன தெரியுமா? கரி! விளக்கின் கண்ணாடியில் படியுமே, அந்தப் புகைக்கரி மாதிரியானதுதான். தொழிற்சாலையில் செய்யும்போது கார்பன் பிளாக் என்பார்கள். மிகமிக நுண்ணிய தூளாக, 100 பங்குக்கு 2 அல்லது 3 பங்கு பாலித்தீனில் ஒரே சீராகக் கலந்துவிட்டால் வெயிலைத் தாங்கும் காலம் பல மடங்கு ஏறியது. 1950இல் பெல் ஆய்வகத்தார் இந்தச் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். டயர்க்காரர்கள் 1910களிலேயே ரப்பரில் இதே கரியைக் கலந்து டயரை உறுதியாக்கியிருந்தார்கள். டயர் கருப்பாக இருப்பதும் அதனால்தான். கண் மையும் எழுதும் மையும் செய்ய நம் பாட்டிகள் விளக்கில் பிடித்த பொருளுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

வேதியியல் பகுதி இனி கொஞ்சம். பயப்பட வேண்டாம், பத்து வரிதான். பிளாஸ்டிக் என்பது மிக நீளமான சங்கிலிகளின் குவியல். ஒரு கிண்ணம் இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழைகள் நீளமாக, ஒன்றோடொன்று சிக்கி இருப்பதால்தான் வாளி வளைந்து கொடுக்கிறது. சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. தரையை எட்டுபவை ஏறக்குறைய 295 முதல் 400 நானோமீட்டர் வரை. சுத்தமான பாலித்தீன் இவற்றைப் பெரிதாக உறிஞ்சாது. ஆனால் சுத்தமான பாலித்தீன் என்று ஒன்று கிடையாதே! உருக்கி வார்க்கும்போதே அங்கங்கே ஆக்சிஜன் ஒட்டிக்கொள்கிறது, வினையூக்கியின் மிச்சம் தங்கிவிடுகிறது. அந்த இடங்கள் கதிரைப் பிடித்துக்கொண்டு சங்கிலியை அறுக்கின்றன. அறுந்த முனை சும்மா இருக்காது. காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி, பக்கத்துச் சங்கிலியையும் கெடுக்கும், அது அடுத்ததை. வதந்தி பரவுகிற மாதிரி. சூடு ஏற ஏற வேகமும் ஏறும். கடைசியில் இடியாப்பம் ரவை ஆகிவிடுகிறது. ரவை வளையாது, உதிரும்.

கரி இதில் இரண்டு வேலை செய்கிறது. கதிரைத் தானே விழுங்கி வெறும் சூடாக மாற்றிவிடும். வதந்தி பரப்பும் அறுந்த முனைகளையும் ஓரளவு பிடித்து அடக்கும். அது இருக்கும் இடத்தில் கதிர் மேல்தோலைத் தாண்டி உள்ளே போகாது.

இப்போது 1954. நெட்டப்பாக்கத்துக்காரர்களுக்கு இந்த வருடத்தைச் சொல்லித் தரவேண்டாம். அந்த ஆண்டு மார்ச் 31 அன்று பிரெஞ்சிந்திய விடுதலைப் போராட்டக்காரர்கள் குபேர் தலைமையில் நெட்டப்பாக்கம் காவல் நிலையத்தைப் பிடித்து இந்தியக் கொடியை ஏற்றினார்கள். தற்காலிக அரசு நடந்ததும் எங்கள் ஊரில்தான். அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவு, நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. இதை எதற்கு இங்கே இழுக்கிறேன் என்றால், கொடி ஏறுவதற்குச் சரியாக 20 நாள் முன்பு, மார்ச் 11 அன்று, இத்தாலியின் மிலான் நகரில் ஜூலியோ நட்டா என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் பாலிப்ரோப்பிலீன் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெர்மனியில் கார்ல் சீக்லர், பெரிய அழுத்தம் இல்லாமலே கெட்டியான பாலித்தீன் செய்யும் வழியைக் கண்டிருந்தார். அமெரிக்காவின் பிலிப்ஸ் நிறுவனத்தில் ஹோகன், பேங்க்ஸ் என்ற இருவர் 1951இலேயே பாலிப்ரோப்பிலீன் செய்துவிட்டதாகப் பின்னால் காப்புரிமை வழக்கு நடந்து, 1983இல் அமெரிக்கக் காப்புரிமை அவர்கள் பக்கமே போனது வேறு கதை. நோபல் பரிசு 1963இல் சீக்லருக்கும் நட்டாவுக்கும் போனது.

நாம் இன்று வீட்டில் பயன்படுத்தும் வாளி, கப், குடம், நாற்காலி, பெயின்ட் டப்பா எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு பிளாஸ்டிக்கின் பிள்ளைகள். இதில் பாலிப்ரோப்பிலீன் உறுதியானது, சுடுதண்ணீர் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் வெயில் விஷயத்தில் பாலித்தீனைவிட நோஞ்சான். அதன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு கிளை தொங்குகிறது, அந்தக் கிளை பிரியும் இடத்தில் பிணைப்பு சீக்கிரம் கழன்றுவிடும். மருந்து எதுவும் கலக்காத பாலிப்ரோப்பிலீனை நம் ஊர் வெயிலில் போட்டால் வருடக் கணக்கு வேண்டாம், மாதக் கணக்கே போதும்.

இத்தாலியில் 1957இல் இது மோப்ளென் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1960களில் ஜீனோ பிராமியேரி என்ற நகைச்சுவை நடிகர் இத்தாலியத் தொலைக்காட்சியில் அந்த மோப்ளென் சாமான்களைக் காட்டிச் சிரிக்க வைத்து விற்றார். இதுதான் நான் சொல்ல வந்த வரலாற்றுப் பாதி. பிளாஸ்டிக் வாளி பிறந்தது சமையலறைக்கும் குளியலறைக்கும். கேபிளைப் போல அது வெயிலில் தொங்க வேண்டியதில்லை. ஆகவே கேபிளுக்குப் போட்ட மருந்தை வாளிக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் போட மாட்டார்கள். கரி கலந்தால் வாளி கருப்பாகத்தானே வரும்? சிவப்பும் நீலமும் பச்சையும்தானே வாளிக்கு அழகு!

நம் நாட்டுக்கு வருவோம். 1959இல் மேற்கு வங்காளத்தின் ரிஷ்ராவில் பாலித்தீன் உற்பத்தி தொடங்கியது. 1968இல் மகாராஷ்டிரத்தில் கெட்டிப் பாலித்தீன். அதே 1968இல்தான் பிளாஸ்டிக் தொழிலுக்கு ஆள் பயிற்றுவிக்கச் சென்னை கிண்டியில் மத்திய அரசு சிப்பெட் நிறுவனத்தைத் தொடங்கியது. 1978இல் வதோதராவில் பாலிப்ரோப்பிலீன். அதற்குப் பிறகு நம் வீடுகள் மாறிய வேகம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். பித்தளைக் குடம் பரணுக்கோ சேட்டுக் கடைக்கோ போனது, மண் பானை பொங்கலுக்கு மட்டும் வந்தது, தெருக் குழாயடியில் கலர் கலராகக் குடங்கள் வரிசை கட்டின.

இதைப் பழித்துப் பேசுவது இப்போது ஃபேஷன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பித்தளைக் குடம் தண்ணீர் இல்லாமலே கனக்கும். மண் குடம் கால் தடுக்கினால் போச்சு. தண்ணீர் சுமந்தவர்கள் யார்? வீட்டு ஆண்களா? பிளாஸ்டிக் குடம் வந்து நம் ஆயாக்கள், அம்மாக்கள் இடுப்பிலிருந்து சில கிலோவை இறக்கி வைத்தது. சாலை மறியலில் காலிக் குடம் தூக்கிய படங்களைச் செய்தித்தாளில் எத்தனை பார்த்திருக்கிறோம்! அந்தக் குடங்களும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். அதன் தேவை உண்மையானது. குறை எங்கே என்றால், நிழலில் பிழைக்கச் செய்யப்பட்ட சாமானை வெயிலில் பிழைக்க அனுப்பினோம், அதுதான்.

வெயிலுக்கென்றே செய்த பிளாஸ்டிக்கும் இதே காலத்தில் நம் நாட்டில் வந்தது. 1975இல் குஜராத்தின் கலோலில் பாரத் விஜய் மில்ஸ் என்ற துணி ஆலை சின்டெக்ஸ் என்ற பெயரில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்தது. மாடியில் நிற்க வேண்டியது என்பது தெரிந்தே செய்ததால் முதலிலிருந்தே கரி கலந்த கருப்பு. பெயர் அப்படியே நம் பேச்சில் ஒட்டிக்கொண்டது. எந்த கம்பெனித் தொட்டியாக இருந்தாலும் நமக்கு அது 'சின்டெக்ஸ்'தான். இன்றைக்குத் தண்ணீர்த் தொட்டிக்கு ஐ.எஸ். 12701 என்று இந்தியத் தரம் இருக்கிறது. பாலித்தீன் தண்ணீர்க் குழாய்க்கு ஐ.எஸ். 4984, அதில் கரி 2.5 சதவீதம், அரை சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பெல் ஆய்வகத்தார் கண்ட அதே அளவு! கரும்புக் கொல்லையில் ஓடும் சொட்டுநீர்க் குழாய் கருப்பாக இருப்பதும் இதே குலத்து வழக்கம்தான்.

அப்படியானால் கலர் வாளிக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1950, 60களில் கதிரை உறிஞ்சும் சில வேதிப்பொருட்கள் வந்தன, ஆனால் அவை செலவாகித் தீர்ந்துவிடும். 1970களில் ஜப்பானின் சான்கியோ நிறுவனத்தாரும் சுவிட்சர்லாந்தின் சிபா கெய்கி நிறுவனத்தாரும் வேறு ஒரு வகையைக் கொண்டு வந்தார்கள். ஹால்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இது கதிரைத் தடுப்பதில்லை. அறுந்த முனைகளைப் பிடித்து வதந்தியை அடக்குகிறது, அடக்கிய பிறகு தன் பழைய உருவத்துக்கே திரும்பி அடுத்ததைப் பிடிக்கப் போகிறது. 100 பங்கில் ஒரு பங்குகூட வேண்டாம், அதிலும் குறைவாகவே போதும். நிறமும் கெடாது. தோட்டத்துக்கு என்றே விற்கும் நல்ல தொட்டிகளிலும் பசுமைக்குடில் தாள்களிலும் இதுதான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் மதகடிப்பட்டு சந்தையில் குவித்து வைத்து விற்கும் வாளியில் இருக்குமா? அந்த விலைக்கு எதிர்பார்ப்பதே நியாயம் இல்லை.

மலிவு வாளிக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. பெரும்பாலும் அது மறுபிறவி எடுத்தது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் ஒவ்வொரு முறையும் சங்கிலிகள் கொஞ்சம் அறுகின்றன, முன்பு கலந்த மருந்தும் தீர்ந்து போகிறது. பத்து நிறம் கலந்து வரும் கசண்டை மறைக்கக் கருப்புப் போட்டுவிடுவார்கள். மேஸ்திரி பாண்டு இப்படித்தான் கருப்பானது. கருப்பாக இருக்கிறதே, தாங்கும் என்று முழுசாக நம்பிவிட முடியாது. கரி கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் ஏற்கெனவே களைத்துப்போன சங்கிலியை அது முடி போட்டுத் தராது. வெள்ளை நிறமும் அப்படியே. வெள்ளைக்குப் போடும் டைட்டானியம் டை ஆக்சைடில் ரூட்டைல் என்ற வகை கதிரைத் தடுத்துக் காக்கும், அனடேஸ் என்ற வகை வெயிலில் தானே வினைபுரிந்து பிளாஸ்டிக்கை அரிக்கும். கல்யாண மண்டப வாசலில் கிடக்கும் சில வெள்ளை நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தால் பேன்டில் மாவு ஒட்டுமே... மேல்தோல் உதிர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் இந்தப் பிரச்சினை பெரிதானதற்கு ஒரு தேதி உண்டு. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. நான் அப்போது சின்னப் பையன். மறுநாள் தோட்டத்தில் முருங்கையும் இல்லை, வேம்பும் இல்லை. அதுவரை மர நிழலில் கிடந்த ஆயாவின் டப்பாக்கள் எல்லாம் வெட்டவெளிக்கு வந்தன. பல வருடம் நன்றாக இருந்தவை அடுத்த கோடையில் ஒவ்வொன்றாக வெடித்தன. டப்பாக்கள் அதேதான், நிழல்தான் இல்லை. எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் இப்படி நடந்திருக்கும்!

வெடித்தால் என்ன, காயலான் கடைக்குப் போடலாமே என்பீர்கள். நொறுங்கியதை அவர் வாங்க மாட்டார். முழுதாக இருக்கும்வரைதான் அதற்கு எடை, விலை. உதிர்ந்தது மண்ணில் கலந்துவிடும். 2004இல் இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் கடற்கரை மணலிலும் கடல்நீரிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் கிடப்பதை எழுதிய பிறகுதான் 'மைக்ரோபிளாஸ்டிக்' என்ற சொல் பரவியது. அவர்கள் கடலில் தேடினார்கள். நாம் நொறுங்கிய வாளி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தாலே போதும். நீலமும் சிவப்புமாய்ச் செதில்கள் கிடக்கும். அந்த மண்ணைத்தான் அடுத்த தொட்டிக்குக் கொட்டி அதில் கீரை விதைக்கிறோம்.

சரி, தொழிற்சாலை செய்யாததை நாம் செய்ய முடியுமா? கரியை இனிமேல் வாளிக்குள் கலக்க முடியாது. வெளியே நிழல் போடலாம். இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியே ஆகவேண்டும். தொட்டியைக் காப்பாற்றும் கருப்பு, வேரைச் சுடும். கரி கதிரை விழுங்கிச் சூடாக்குகிறது என்றேன் அல்லவா, அந்தச் சூடு மண்ணுக்குத்தானே போகும்? சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் ஓரம் நிற்கும் கருப்புத் தொட்டியின் ஓரத்து மண்ணில் விரல் வைத்துப் பாருங்கள். மண் 40 டிகிரியைத் தாண்டும்போது பெரும்பாலான செடிகளின் வேர் தவிக்க ஆரம்பிக்கும். வாளி பிழைத்துச் செடி செத்தால் என்ன லாபம்?

தண்ணீர்த் தொட்டிக்காரர்களுக்கும் இதே சிக்கல் வந்தது, தண்ணீர் கொதித்தது. அவர்கள் கண்ட வழி உள்ளே கருப்பு, வெளியே வெள்ளை என்று அடுக்கடுக்காக வார்ப்பது. 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டம் போட மானிய விலையில் செடிப் பைகள், தென்னைநார்க் கழிவு எல்லாம் கொடுத்தபோது இந்தப் பைகள் ஊரெங்கும் பிரபலமாகின. கடையில் கிடைக்கும் செடிப் பை பெரும்பாலும் வெளியே வெள்ளை, உள்ளே கருப்பு. அதே யோசனைதான். நம் வாளிக்கும் இதையே வீட்டில் செய்துகொள்ளலாம்: எந்த நிறமாக இருந்தாலும் மேலே வெளுப்பாக ஒரு போர்வை.

எனக்குத் தெரிந்து சுலபமானது கோணிப்பை. வாளியைச் சுற்றி விளிம்புவரை கட்டிவிட்டால் கதிர் பிளாஸ்டிக்கைத் தொடவே தொடாது. தண்ணீர் ஊற்றும்போது கோணியும் நனைந்தால் மண் பானை மாதிரி குளிர்ச்சி வேறு. ஒரு வருடத்தில் கோணி மக்கிவிடும், மாற்ற வேண்டியதுதான், கோணி மக்கினால் மண்ணுக்கு நல்லது. அரிசி வரும் வெள்ளை பிளாஸ்டிக் சாக்கைக் கட்டாதீர்கள். அதுவும் பாலிப்ரோப்பிலீன், வாளிக்கு முன்னால் அது நாராக உதிரும். தென்னங்கீற்றைப் பின்னிச் சுற்றலாம், நம் பக்கம் கீற்றுக்கு என்ன பஞ்சம். மேற்குப் பக்கத்துக்கு மட்டும் படல் மாதிரி ஒன்று நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் மாலை வெயில் பக்கவாட்டில் நேராக வாளியின் வயிற்றில் அடிக்கிறது. உச்சி வெயில் விளிம்பில்தான் விழும். அதனால்தான் முதலில் போவது எப்போதும் விளிம்பு. தரையில் படரும் செடி ஏதாவது ஓரத்தில் ஊன்றி வெளியே தொங்கவிட்டால் விளிம்புக்கும் நிழல் ஆயிற்று.

பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அடிக்கலாம், ஆனால் பாலித்தீனும் பாலிப்ரோப்பிலீனும் எதையும் ஒட்டவிடாத ஜாதி. சும்மா அடித்தால் மழைக்கு உரிந்துவிடும், சுண்ணாம்பு அதற்கும் முன்னாலே. உப்புக் காகிதத்தால் நன்றாகத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, பிறகு வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷனை இரண்டு கை அடித்தால் நிற்கும். நொறுங்க ஆரம்பித்த வாளிக்கு இதெல்லாம் வீண். புதிதாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

காசு கொடுத்து நல்ல தொட்டி வாங்கியவர்களுக்கும் ஒன்று. சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவும் வழக்கம் இருக்கிறது அல்லவா? கந்தகமும் அமிலமும் ஹால்ஸ் மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். பசுமைக்குடில் வைத்தவர்கள் தாள் சீக்கிரம் கிழிவதைப் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது. தூவினால் செடிக்கு மட்டும் தூவுங்கள், தொட்டியில் படிந்ததைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

வேறு வழி வேண்டுமென்றால் வில்லியனூர் அதிக தூரமில்லை. அங்கத்துச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அந்தக் கலையைச் செய்யும் வி.கே.முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சுடுமண் தொட்டிக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை, சூளையையே பார்த்து வந்தது. கனமும் விலையும்தான் இடிக்கும். மாடி தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். தரையில் இடம் இருப்பவர்கள் பிளாஸ்டிக் வாளியை அப்படியே பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி வைக்கலாம். அல்லது விளிம்பு மட்டும் தெரிய மண்ணில் பாதி புதைக்கலாம். புதைந்த பகுதிக்கு வெயில் கிடையாது.

எந்த வாளி எத்தனை நாள் தாங்கும் என்று கண்டுபிடிக்க அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 1988இல் அமெரிக்காவில் மறுசுழற்சிக்காகக் கொண்டு வந்த அடையாளம் அது. 2 என்றால் கெட்டிப் பாலித்தீன், 5 என்றால் பாலிப்ரோப்பிலீன். மற்றதெல்லாம் சமமாக இருந்தால் 2 கொஞ்சம் அதிகம் தாங்கும். மெல்லியதைவிடத் தடித்தது அதிகம் தாங்கும், சேதம் மேல்தோலிலிருந்துதான் உள்ளே போகிறது என்பதால். நீல டிரம் நாள்பட நிற்பதற்கு அதன் தடிமனும் ஒரு காரணம். ஆனால் மருந்து கலந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு வருடா வருடம் மாசி பிறந்ததும் ஒரு சோதனை போதும். விரலால் தேய்த்தால் மாவு வருகிறதா? கட்டை விரலால் விளிம்பை அழுத்தினால் வெள்ளைக் கோடு விழுகிறதா? விழுந்தால் அந்தக் கோடைக்கு அது தாங்காது. செடியை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, முழுதாக இருக்கும்போதே காயலான் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.